எட்டாவது கட்டம்

கால நல்லா நீட்டி உக்காருங்க சார். அது வெறும் தாம்பாளம்தான், மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. சாக்குப் பையில மொத்தமாப் போட்டுக் கட்டியிருக்கேன். சீர் கொண்டு போன தட்டு. போகும்போது பட்டு, பழம், தேங்கா, வளையல்னு நிறைஞ்சு மேளத்தோட போச்சு. வரும்போது இப்படி பஸ்ல, என் காலுக்கடியில வருது.

கார் இருக்கு சார். மதுரையில டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன், என்ட்ட இல்லாத காரா? கார என் வீட்டுக்காரி இந்திராணி எடுத்துட்டுப் போயிட்டா. "நீங்க ஏறுற வண்டியில நான் வரமாட்டேன். என் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கிறது"ன்னுட்டுக் கதவச் சாத்திட்டுப் போயிட்டா. அவளுக்குக் கார் ஓட்டப் பழகிக் கொடுத்ததே நான்தான்.

தூக்கம் வருதா சார்? வரலைன்னா சொல்றேன். அருப்புக்கோட்டையில ஏறுனதுல இருந்து யார்ட்டயாவது சொல்லிறணும்னு இருக்கு. நீங்க மாட்டுத்தாவணியில இறங்கி உங்க வழியப் பாத்துப் போயிருவீங்க. தெரிஞ்சவன்ட்ட சொல்ல முடியாது பாருங்க, தெரிஞ்சவன் பூராவும் அங்கதான இருந்தான்.

இன்னைக்கு என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தங்கச்சி பேரு தமயந்தி. கூடப் பொறந்தவ அவ ஒருத்திதான். கல்யாணமாகி ரொம்ப வருசம் பிள்ளை இல்லாம இருந்து, போகாத ஆஸ்பத்திரி இல்ல, சுத்தாத கோயில் இல்ல, நாப்பது வயச நெருங்கும்போது பொறந்த பிள்ளை. ஆதிரைன்னு பேரு. மூணு வயசாகுது. அப்பேர்ப்பட்ட பிள்ளைக்குக் காதுகுத்துன்னா எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. தெருவ அடைச்சுப் பந்தல், மைக் செட், வாழைமரம். காலையில கோயில்ல மொட்டை எடுத்தாச்சு. அதுக்கு என் மடியிலதான் உக்காந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, அழவே இல்ல. அப்புறம் வீட்டுக்கு வந்து, பந்தல்ல வச்சுக் காது குத்துறதாப் பேச்சு. பன்னெண்டுக்கு எமகண்டம், அதுக்குள்ள முடிக்கணும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்? அந்தத் தாய்மாமன் நான்.

இதுல ஒரு சங்கதி இருக்கு. எனக்கும் தங்கச்சி மாப்பிள்ளைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. சவுந்தர்னு பேரு. நல்ல மனுசன்தான், ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். ஆனா முசுடு. என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துல முதப் பந்தியில உக்காந்துட்டாரு. அந்த நேரம் பாத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து ஆட்கள் வந்துட்டாங்க. நான் பண்ற தொழிலுக்கு அவங்க எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கே தெரியும். "மாப்ள, நீங்க நம்ம ஆளுதான, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம், கொஞ்சம் எந்திரிங்க"ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். இலையில உப்பு வச்சிருந்தாங்க, அவ்வளவுதான், சோறுகூடப் போடல. எந்திரிச்சவரு நேரா ஊருக்குப் போயிட்டாரு. அஞ்சு வருசமா என்ட்ட ஒரு வார்த்தை பேசல. ஒரு பந்தி சார். ஒரு பந்தில என்ன இருக்கு? கோயில்லயும் நான் வடக்க பாத்தா அவரு தெக்க பாத்து நின்னாரு. தமயந்திதான் ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிட்டிருந்தா.

வீட்டுக்கு வந்ததும் எவனோ ஒருத்தன் சந்தனக் கிண்ணத்த என் வேட்டியில கவுத்துட்டான். மடியில பிள்ளையை வைக்கப் போறவன் அந்த வேட்டியோடயா உக்கார்றது? பட்டு வேட்டி பைக்குள்ள இருந்துச்சு. "மாடியில போயி மாத்திட்டு வாண்ணே, சீக்கிரம் வந்துரு"ன்னு தமயந்தி சொன்னா. சீக்கிரம்னு சொன்னா சார். நல்லா ஞாபகம் இருக்கு.

மாடியில ஒரே ஒரு ரூம். கதவத் தள்ளுனா, உள்ள மாப்ள உக்காந்திருக்காரு. என்னைய 'வாங்க'ன்னு சொல்ல வேண்டி வந்துருமேன்னு மேல வந்து ஒளிஞ்சிருக்காரு மனுசன். புது வேட்டி சட்டையோட, தரையில சம்மணம் போட்டு, எதுக்க ஒரு பழைய பெரிய டிவி, கீழ கேட்டுறக்கூடாதுன்னு சத்தத்த சுத்தமாக் குறைச்சு வச்சிருக்காரு. கையில ரிமோட்டு. டிவி கேம் ரிமோட்டு.

சார், நீங்க என் வயசுக்காரராத்தான் தெரியுறீங்க. டிவி கேம் ஆடியிருக்கீங்களா? மஞ்சக் கேசட்டு, மெஷின்ல சொருகணும், ஓடலைன்னா கழட்டி வாயால ஊதிட்டுத் திரும்பச் சொருகணும். அதுல ஒரு ஆட்டம். பேரெல்லாம் தெரியாது, கேசட்டு மேல சீனாக்காரன் எழுத்தோ ஜப்பான்காரன் எழுத்தோ இருந்துச்சு. ஒரு குள்ளன், முதுகுல கூடைய மாட்டிக்கிட்டு ஓடுவான், மரத்துக்கு மரம் தாவுவான், பழம் பொறுக்குவான். எந்த ஊர்லயும் அவனக் கூடைக்காரன்னுதான் சொல்லுவாங்க. எங்கப்பா நான் எட்டாவது படிக்கும்போது வாங்கிக் குடுத்தது. எங்க தெருவுலயே எங்க வீட்டுலதான் இருந்துச்சு. எங்கம்மா செத்தப்புறம் வீட்டக் காலி பண்ணும்போது, நான் பீரோ கட்டில எடுத்துக்கிட்டேன், தமயந்தி இத எடுத்துட்டுப் போனா. பழசு பட்டையத் தூக்கிட்டுப் போறாளேன்னு நினைச்சேன்.

அந்தக் கூடைக்காரன் டிவியில நிக்கிறான் சார். முப்பது வருசம் கழிச்சு, அதே சிவப்புச் சட்டை, அதே கூடை.

நான் பாட்டுக்கு ஒரு மூலையில திரும்பி வேட்டிய மாத்துனேன். ஆனா கண்ணு போகுதே. மாப்ள ஒரு பள்ளத்தத் தாவப் பாக்குறாரு, விழுகுறாரு. ஓரத்துல நின்னமட்டுக்கே தாவுனா எப்படித் தாண்டும்? என்னால பாத்துட்டு நிக்க முடியல.

"கொஞ்சம் பின்னாடி போயி ஓடி வந்துல்ல தாவணும்"னேன்.

அஞ்சு வருசத்துல நாங்க பேசுன மொதப் பேச்சு அதுதான். அவரு திரும்பிப் பாத்தாரு. ஒரு நிமிசம் முறைச்சாரு. அப்புறம் ரிமோட்ட நீட்டி, "நீங்க இத முடிச்சவருல்ல? தமயந்தி சொல்லியிருக்கா, எங்கண்ணன்தான் அந்த ஏரியாவுலயே இத முழுசா முடிச்ச ஒரே ஆளுன்னு. இந்தாங்க, முடிச்சுக் காட்டுங்க. ஒரே ஒரு உசுருதான் மிச்சம் இருக்கு"ன்னாரு.

வாங்கிட்டேன். வாங்கிப் பாக்குறேன், மேல மூலையில எட்டுன்னு போட்டிருக்கு. எட்டாவது கட்டம். அதுதான் கடைசி.

"எட்டுக்கு எப்படி வந்தீங்க மாப்ள?"

"நான் எங்க வந்தேன்? மெஷின் ஓடிட்டே இருந்துச்சு. தொட்டா நல்லாச் சூடா இருக்கு. டிவிய மட்டும் போட்டேன், ஆட்டம் பாதியில அப்படியே நின்னுட்டிருந்துச்சு. அவ ராத்திரி பிள்ளையத் தூங்க வச்சுட்டு ஆடுவா, ஆஃப் பண்ண மறந்துட்டா போல"ன்னாரு.

அவளாவது, எட்டுக்கு வர்றதாவது. மெஷின் கோளாறுன்னு நினைச்சேன். பழைய மெஷின் சூடானா அப்படி எதையாவது காட்டும். "இதெல்லாம் சரிவராது மாப்ள. நம்ம காலத்துல மொதல்ல இருந்து ஆடுனாத்தான் ஆட்டம்"னு சொல்லி, ரீசெட்ட அமுக்குனேன்.

டிவி சத்தத்தக் கூட்டுனேன். ஒண்ணாவது கட்டம் வந்துச்சு. அந்தப் பாட்டு வந்துச்சு பாருங்க... உங்களுக்கு எப்படிச் சொல்றது. நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் கார் பழக்குறேன், எத்தனை முட்டாப்பயலுக கிளட்ச்ச விடத் தெரியாம விடுறானுக, எத்தனை பேர்ட்ட பல்லக் காட்ட வேண்டியிருக்கு, அதெல்லாம் அப்படியே போயிருச்சு. கை தன்னால ஓடுது. மூணாவது மரத்துக்கு மேல வௌவால் வரும்னு எனக்குத் தெரியும். வந்துச்சு. முப்பது வருசமா அதே மரத்துல இருந்து அதே நேரத்துக்கு வருது சார். அது மனுசன மாதிரி இல்ல, ஏமாத்தாது. இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு பேசாது. நீங்க செத்தீங்கன்னா அது உங்க தப்பு, வேற யாரையும் சொல்ல முடியாது. தப்பு எங்கன்னு தெரியும், அதனால திரும்ப ஆடத் தோணும். இப்ப போன்ல வர்ற கேம்ல எல்லாம் இது இருக்கா? என் மகன் ஆடுறான், ஜெயிக்கிறதும் இல்ல தோக்குறதும் இல்ல, விளம்பரந்தான் பாக்குறான்.

எனக்கு ஒரு உசுரு, அவருக்கு ஒரு உசுருன்னு மாத்தி மாத்தி ஆடுனோம். அவருக்கு மூணாவது கட்டத்துல ஆத்துல மிதக்குற கட்டை மேல நிக்கத் தெரியல. "கட்டை நடுவுல நிக்காதீங்க மாப்ள, ஓரத்துல நில்லுங்க"ன்னேன். நின்னாரு. தாண்டிட்டாரு. தாண்டுனதும் என் தொடையில ஓங்கி ஒரு அடி அடிச்சாரு பாருங்க. "மச்சான்!"னாரு. அஞ்சு வருசம் கழிச்சு மச்சான்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அப்பத்தான் மைக்ல கூப்பிட்டாக.

"தாய்மாமன் வீரபத்திரன் அவர்கள் எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்."

கேட்டுச்சு சார். கேக்கலைன்னு கீழ போயி எல்லார்ட்டயும் சொன்னேன், உங்கள்ட்ட எதுக்குப் பொய்? ஸ்பீக்கர் அந்த ஜன்னலுக்கு நேரா கட்டியிருக்கு, எப்படிக் கேக்காமப் போகும்? "கூப்பிடுறாக மச்சான்"னாரு. "இந்தா, இந்த ஒரு உசுரு முடியட்டும்"னேன். அது முடிஞ்சுச்சு. "இப்ப உங்க உசுரு, ஆடிருங்க, போயிருவோம்"னேன். திரும்பக் கூப்பிட்டாக. பிள்ளையோட தகப்பனையும் சேத்துக் கூப்பிட்டாக. போன் அடிச்சுச்சு, கழட்டிப் போட்ட வேட்டி மேல கிடந்து அடிச்சுச்சு. ஆறாவது கட்டத்துல இருந்தோம். ஆறுல பாறை உருண்டு வரும், அங்க போயி ரிமோட்ட வைக்க முடியுமா சொல்லுங்க. இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்னு ஸ்பீக்கருக்கு நான் பதில் சொல்லிட்டிருக்கேன். ஸ்பீக்கருக்கு எங்க கேக்கும்?

ஏழுக்கு வந்துட்டோம். ஏழு நெருப்புக் கட்டம். அப்ப ஸ்பீக்கர்ல பாட்டு நின்னுச்சு. நின்ன மறு நிமிசம் ஒரு வீறல். பிள்ளை வீறுன வீறல் சார். மைக்குப் பக்கத்துல உக்கார வச்சிருந்திருக்காக, தெரு பூரா கேட்டிருக்கும்.

ரிமோட்ட அப்படியே போட்டுட்டு ரெண்டு பேரும் படியில உருண்டு ஓடுனோம். போயி நிக்கிறேன், நடுப் பந்தல்ல தமயந்தி உக்காந்திருக்கா. அவ மடியில பிள்ளை. பெத்தவ மடியிலயே உக்கார வச்சுக் குத்தியாச்சு. ஆசாரி ரெண்டாவது காதுல கம்பிய முறுக்கிட்டிருக்காரு. எமகண்டம் பொறக்கப் போகுது, மாமனக் காணோம், பெரியவுக ஆளுக்கொண்ணு பேசியிருக்காக. ஒருத்தரு பங்காளி யாரையாவது உக்காரச் சொல்லியிருக்காரு. தமயந்திதான், "யாரும் வேண்டாம், என் மடியில குத்துங்க"ன்னு பிள்ளையத் தூக்கிட்டு உக்காந்திருக்கா. அதெல்லாம் அப்புறம் கேள்விப்பட்டது. அப்ப எனக்குத் தெரிஞ்சது அத்தனை கண்ணு. அத்தனை கண்ணும் என் மேல.

அவ மாமியார் வந்தாக. "எங்கய்யா போனீக, தம்பி?"ன்னாக. கோவமாக்கூடக் கேக்கல, பயந்து போயிக் கேட்டாக.

"தலை சுத்துச்சுங்கம்மா. மேல செத்த நேரம் படுத்துட்டேன். மாப்ளதான் கூட இருந்து பாத்துக்கிட்டாரு"ன்னேன்.

அத்தனை பேரும் 'அச்சச்சோ'ன்னாக. ஒரு அம்மா சோடா வாங்கியாரச் சொன்னாக. எனக்கு மூச்சு வந்துச்சு. அந்த நேரம், பாட்டு ஓடாம பந்தலே அமைதியா இருக்கா, மேல ஜன்னல் திறந்து கிடக்கா, நாங்க அப்படியே விட்டுட்டு வந்த கூடைக்காரன் நெருப்பு மெல்ல ஏறி வந்து பட்டுச் செத்தான். சாகும்போது ஒரு சத்தம் வரும், டொய்ங்னு இறங்கி இறங்கி வந்து நிக்கும். அது தெருவுக்கே கேட்டுச்சு.

மைக் செட்டுக்காரன் எங்க வயசு ஆளு. அவன் மைக்க ஆஃப் பண்ணாமலே, "அண்ணே, கூடைக்காரனா? எத்தனாவது கட்டம்ணே?"ன்னான்.

சிரிச்சாங்க சார். நாப்பது வயசு ஆம்பளைக அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அவங்க சிரிக்க, பிள்ளைக சிரிக்க, பொம்பளைக என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுச் சிரிக்க. இந்திராணி முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா. மாப்ள என் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரு. நான் பட்டு வேட்டியோட நடுவுல நிக்கிறேன். சோடாவக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போறாக. அதக் குடிக்கிறதா வேண்டாமான்னு தெரியல.

தமயந்தி சிரிக்கல. அழுகவும் இல்ல. பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சவ, என்னையப் பாக்கல, மாடி ஜன்னலப் பாத்தா. பிள்ளையோட விறுவிறுன்னு மேல போனா. ஒரு நிமிசம் கழிச்சுப் படியில நின்னு, "ரீசெட் யாரு அமுக்குனது?"ன்னு கேட்டா.

பாருங்க சார். பிள்ளை காது குத்துக்கு மாமன் வரல, ஊர் சிரிக்குது. அதக் கேக்கல. ரீசெட்டாம். கோவத்துல புத்தி கலங்கிப்போச்சுன்னுதான் நினைச்சேன்.

சீர் குடுத்தேன், வாங்கிக்கிட்டா. சாப்பிட எனக்குக் கால் வரல. எல்லாரும் சாப்பிட்டு, பந்தியே முடிஞ்சு, பாத்திரம் கழுவ எடுக்குற நேரத்துல மாப்ள வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு. நானும் அவரும் மட்டும் உக்காந்து சாப்பிட்டோம். பாயாசம் தீந்துபோச்சு. ரசம் இருந்துச்சு.

அஞ்சு மணிக்கு மேல மாடிக்குப் போனேன். கூடப் பொறந்தவ, கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணிறணும்னு போனேன். பட்டுச்சேலை மாத்தாமத் தரையில உக்காந்திருக்கா. பக்கத்துல பிள்ளை தூங்குது, மொட்டைத் தலையில சந்தனம், காது ரெண்டும் செவந்து போயி. டிவி ஆஃப்ல இருக்கு. அவ அதையே பாத்துட்டிருக்கா.

"அண்ணன் தப்புப் பண்ணிட்டேம்மா. மாமன் மடியில உக்கார வேண்டிய பிள்ளை..."

"அது போகட்டும்ணே. என் மடியிலதான உக்காந்துச்சு, வேற எங்கயும் இல்லியே. ரீசெட் நீதான அமுக்குன?"

"ஆமா. மெஷின் ஏதோ கோளாறு..."

"கோளாறு இல்ல. நான்தான் எட்டுல நிறுத்தி வச்சிருந்தேன். வியாழக்கிழமையில இருந்து ஆஃப் பண்ணல. இதுலதான் சேத்து வைக்க வழியில்லியே, ஆஃப் பண்ணா மொதல்ல இருந்துதான் வரணும். விசேஷம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், இன்னைக்கு நிதானமா உக்காந்து முடிக்கலாம்னு வச்சிருந்தேன்."

நான் சிரிச்சுட்டேன் சார். சமாதானமாப் போகட்டும்னுதான் சிரிச்சேன். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட? இப்பெல்லாம் இது போன்லயே வருது, நான் போட்டுத் தர்றேன். இல்ல புதுசா மெஷினே வாங்கித் தர்றேன்"னேன்.

அவ என்னையத் திரும்பிப் பாத்தா. "ஆதிரை வயித்துல நின்னதும் டாக்டரம்மா எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாக. அதுக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சு போச்சுல்ல. உனக்குத் தெரியும்ல?"ன்னு கேட்டா.

தெரியும்னேன். ஒண்ணுன்னுதான் சார் எனக்குத் தெரியும்.

"படுத்தமட்டுக்கே கிடந்தேன். வயித்துல லேசா ஒரு இழுப்பு இழுத்தாலும் அவ்வளவுதான்னு தோணும். இவுகதான் பரண்ல இருந்து இத எடுத்து மாட்டிக் குடுத்தாக. பயம் வரும்போதெல்லாம் இதப் போட்டுக்குவேன். அவன் தாவுற நேரத்துல வேற எதையும் நினைக்க முடியாதுண்ணே. தாவத்தான் முடியும். அப்படியே அந்த மாசமெல்லாம் ஓடுச்சு. ஒண்ணுமே தெரியாமத்தான் ஆரம்பிச்சேன். ஒண்ணாவது கட்டத்து வௌவால்ட்டயே எத்தனை தடவ செத்தேன் தெரியுமா?"

"ஏன், சின்ன வயசுல நீயும் கூட ஆடுனவதான?"ன்னேன்.

"நான் எப்ப ஆடுனேன்? செத்தா உனக்குன்னு சொல்லுவ. பக்கத்துலயே உக்காந்திருப்பேன். நீ எப்பச் சாவன்னு பாத்துட்டே உக்காந்திருப்பேன். நீ செத்தா, 'இது கணக்கு இல்ல'ன்னுட்டுத் திரும்ப ஆடுவ. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுரும்."

சின்னப் பிள்ளைக சண்டை சார். எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதான? நான் பேச்ச மாத்துனேன். "சரி, விடு. போடு மெஷின. எட்டு வரைக்கும் நான் கொண்டு வந்து குடுக்குறேன், எட்ட எப்படி முடிக்கிறதுன்னும் காட்டுறேன்"னேன்.

"அண்ணே"ன்னா. ரொம்ப மெதுவாச் சொன்னா, பிள்ளை முழிச்சிரும்னு. "நீ ஏழத் தாண்டுனதே இல்லியேண்ணே. நான்தான் பக்கத்துலயே இருந்தேனே."

சார்.

நான் முடிச்சுட்டேன்னு ஸ்கூல்ல சொன்னேன். தெருவுல சொன்னேன். கடைசியில பெரிய கழுகு வரும், அத அடிச்சா ராஜகுமாரி வருவான்னு கதை கட்டி விட்டேன். பயலுக வாயப் பிளந்துட்டுக் கேப்பானுக. இந்திராணிட்டயும் சொல்லியிருக்கேன், என் மகன்ட்டயும் சொல்லியிருக்கேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆயிப்போச்சு. இவளுக்குத் தெரியும். அன்னைக்கிருந்தே தெரியும். சண்டை போட்டப்பக் கூட யார்ட்டயும் சொன்னதில்ல. கட்டுனவர்ட்டக் கூட, எங்கண்ணன் முடிச்சவன்னுதான் சொல்லி வச்சிருக்கா.

காலையில எட்டுன்னு திரையில பாத்ததும் மெஷின் கோளாறுன்னு சொன்னேன்ல? கோளாறு இல்லன்னு எனக்குத் தெரியும் சார். பாத்த உடனே தெரியும். நான் பாக்காத இடம் அது. மாப்ள ரிமோட்டக் குடுத்து முடிச்சுக் காட்டுங்கன்னாரு. எனக்கு வழி தெரியல. அதான் அமுக்குனேன்.

பந்தல்ல அத்தனை பேரு சிரிச்சப்பக் கூடத் தலைய நிமித்தி நின்னேன். அந்த ரூம்ல, அவ ஒருத்தி முன்னாடி, என்னால நிமிர முடியல. தரையில போட்டிருந்த பாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். என்னமாவது திட்டுவான்னு பாத்தேன். திட்டல. டிவியப் போட்டா, மெஷினப் போட்டா, ஒண்ணாவது கட்டத்துல இருந்து ஆரம்பிச்சா.

ஆடுறா சார். நான் ஆடுற மாதிரி ஆஊன்னு உடம்ப ஆட்டிக்கிட்டு இல்ல, விரல் மட்டும்தான் அசையுது. வௌவாலத் திரும்பிக்கூடப் பாக்கல. நான் பாறைக்குப் பயந்து ஒதுங்குற இடத்துல இவ பாறை மேலயே ஏறி ஓடுறா. அப்படி ஒரு வழி இருக்குன்னே எனக்குத் தெரியாது. வாயத் திறந்து ஒரு தடவ, "அம்மாடி, எனக்கு ஒரு உசுரு குடேன்"னு கேக்க வந்தேன். கேக்கல. கேக்குற யோக்கியதை எனக்கு எங்க இருக்கு?

பிள்ளை முழிச்சுச்சு. அம்மா முதுகுல சாஞ்சு நின்னு டிவியப் பாத்துச்சு. இருட்டப் போகுது, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சேன். "போயிட்டு வர்றேம்மா"ன்னேன். "ம்"ன்னா. திரும்பல. அஞ்சாவது கட்டத்துல இருந்தா. மாப்ளதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டாரு. இந்தச் சாக்குப் பைய அவருதான் ஏத்தி விட்டது.

அவ்வளவுதான் சார். வீட்டுல போயி இந்திராணி மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தெரியல. அவளுக்குக் காதுகுத்துக் கதைதான் தெரியும். மிச்சத்தயும் சொல்றதா வேண்டாமான்னு...

ஒரு நிமிசம் சார். போன் அடிக்குது.

மாப்ளதான். அவரு எனக்குப் போன் போடுறது... ஹலோ? சொல்லுங்க மாப்ள. என்ன? எட்டுக்கா? சரி. சரி சரி, நான் பேசல. அப்படியே பிடிச்சுக்கோங்க, பக்கத்துல கொண்டு போங்க, அவளுக்குத் தெரிய வேண்டாம்.

சார், எட்டுக்கு வந்துட்டாளாம். பேசாம லைன்ல இருங்கன்னாரு.

அந்த ஜன்னல கொஞ்சம் இழுத்து விடுறீங்களா? காத்து இரையுது.

பாட்டு கேக்குது சார். இது வேற பாட்டு. ஏழு கட்டத்துப் பாட்டும் எனக்கு மனப்பாடம், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இது மெதுவாப் போகுது... கல்யாண வீட்டுல எல்லாரும் போனப்புறம் வாசிக்கிற மாதிரி. இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்ல சார். இப்படி ஒரு பாட்டு அதுக்குள்ளயே இருந்திருக்கு பாருங்க.

மாட்டுத்தாவணியா? வந்துருச்சா? நீங்க இறங்குங்க சார். பாத்து, தாம்பாளத்துல கால் தட்டிராம. நான் செத்த நேரம் இருக்கேன். கண்டக்டர் வந்து சத்தம் போட்டா போடட்டும். எந்திரிச்சா லைன் கட்டாயிருமோன்னு பயமா இருக்கு.

இல்ல சார். இன்னும் சாகல. ஆடிட்டேதான் இருக்கா.